உயர்தர டிஜிட்டல் மல்டிமீட்டர்களை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுப்பது எப்படி

எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு நல்ல கைமீட்டர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் திரையில் எத்தனை இலக்கம் தெரிகிறது என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அன்றாட வேலையில் உங்களைச் சரியான முடிவுக்கோ தவறான முடிவுக்கோ கொண்டுபோவது பெரும்பாலும் வேறு விவரங்கள்: மின்னோட்டம் அளக்கும்போது மீட்டர் எவ்வளவு வோல்ட்டை விழுங்குகிறது, ஏசி அளவீட்டில் எதைச் சேர்க்கிறது எதை விடுகிறது, இரு புள்ளிகளுக்கு இடையே தொடர்பு இருந்தால் சத்தம் தரும் பஸ்ஸர் எவ்வளவு வேகமாக ஒலிக்கிறது, தவறான சாக்கெட்டில் வயரைச் செருகினால் என்ன ஆகிறது. இவை விளம்பர அட்டையில் வருவதில்லை. டேட்டாஷீட்டின் (தயாரிப்பாளரின் விவரத்தாள்) பின்பக்கங்களில் இருக்கும், அல்லது நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டும்.

முதல் படி: நீங்கள் எதை அளக்கிறீர்கள் என்று எழுதுங்கள்

மாடல் பெயர்களைப் பார்க்கும் முன் ஒரு தாளை எடுத்து, நீங்கள் அடிக்கடி செய்யும் அளவீடுகளை எழுதுங்கள். பேட்டரியில் ஓடும் மைக்ரோகண்ட்ரோலர் போர்டுகள் என்றால் மைக்ரோஆம்பியர் மின்னோட்டம் முக்கியம். பழுதுபார்ப்பு என்றால் பஸ்ஸர், டையோடு சோதனை, குறைந்த மின்தடை. ஆடியோ என்றால் 20 கிலோஹெர்ட்ஸ் வரையாவது நம்பகமான ஏசி. பவர் சப்ளை என்றால் உயர் மின்னழுத்தப் பாதுகாப்பு. எல்லாவற்றிலும் முதலிடம் பிடிக்கும் மீட்டர் கிடையாது. இந்தத் தாள் இல்லாமல் ஒப்பிட்டால் அதிக எண் போட்ட மீட்டரே ஜெயிக்கும்.

இரண்டாம் படி: துல்லிய வரியைக் கணக்காக மாற்றுங்கள்

கவுண்ட் என்பது திரை காட்டக்கூடிய உச்ச எண். 6,000 கவுண்ட் மீட்டர் 6 வோல்ட் ரேஞ்சில் (6 வோல்ட் வரை அளக்கும் நிலையில்) 1 மில்லிவோல்ட் வரை பிரித்துக் காட்டும். 50,000 கவுண்ட் மீட்டர் 5 வோல்ட் ரேஞ்சில் 0.1 மில்லிவோல்ட் வரை காட்டும். காட்டுவது வேறு, அது சரியாக இருப்பது வேறு. சரியாக இருப்பதற்கான உறுதியை டேட்டாஷீட் "0.05% + 1" என்கிற மாதிரி இரண்டு பகுதிகளாகக் கொடுக்கும். முதலாவது அளவீட்டின் சதவீதம். இரண்டாவது அந்த ரேஞ்சின் கடைசி இலக்கத்தில் எத்தனை படி.

3.300 வோல்ட்டை அளப்பதாக வைத்துக்கொள்வோம். 6,000 கவுண்ட், 0.05% + 1 என்றால் பிழை வரம்பு 1.65 மில்லிவோல்ட்டும் 1 மில்லிவோல்ட்டும் சேர்ந்து 2.65 மில்லிவோல்ட். 50,000 கவுண்ட், 0.025% + 2 என்றால் 0.825 மில்லிவோல்ட்டும் 0.2 மில்லிவோல்ட்டும் சேர்ந்து ஏறத்தாழ 1 மில்லிவோல்ட். இதே இரண்டு மீட்டர்களிலும் 12 வோல்ட் அளந்தால் ரேஞ்ச் மாறிவிடும். முதல் மீட்டர் 60 வோல்ட் ரேஞ்சுக்குப் போவதால் 6 மில்லிவோல்ட்டும் 10 மில்லிவோல்ட்டும் சேர்ந்து 16 ஆகிறது. இரண்டாவது 50 வோல்ட் ரேஞ்சில் 3-உம் 2-உம் சேர்ந்து 5 மில்லிவோல்ட்டில் நிற்கிறது. ஆகவே உங்கள் தாளில் உள்ள மதிப்புகளை வைத்தே கணக்குப் போடுங்கள். தலைப்பில் போட்டிருக்கும் சதவீதத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். அது பெரும்பாலும் டிசி வோல்ட்டின் சிறந்த ரேஞ்சுக்கானது.

இந்த வரம்பு வழக்கமாக 23 டிகிரி செல்சியஸுக்கு 5 டிகிரி மேலும் கீழும் உள்ள சூழலுக்கும், அளவுத்திருத்தம் செய்த நாளிலிருந்து ஓராண்டுக்கும் பொருந்தும். அதற்கு வெளியே, ஒவ்வொரு டிகிரிக்கும் குறிப்பிட்ட துல்லியத்தின் 0.05 அல்லது 0.1 மடங்கைக் கூட்டச் சொல்லும் குறிப்பு டேட்டாஷீட்டில் இருக்கும். 38 டிகிரி வெப்பமுள்ள அறையில், 28-க்கு மேல் 10 டிகிரி ஆகிவிடுகிறது. 0.1 மடங்கு விதிப்படி பிழை வரம்பு இரட்டிப்பாகும். வெப்பமான அறையில் வேலை செய்பவருக்கு இந்த ஒரு வரி, கூடுதல் இலக்கத்தைவிடப் பெரியது.

அப்படியானால் 5,00,000 கவுண்ட் எதற்கு? மாற்றத்தைப் பார்க்க. 3.3 வோல்ட் ரெகுலேட்டர் சூடாகும்போது எத்தனை மைக்ரோவோல்ட் நகர்கிறது, இரண்டு செல்களுக்கு இடையே எவ்வளவு வேறுபாடு என்பதில் உண்மை மதிப்பு 0.6 மில்லிவோல்ட் தள்ளியிருந்தாலும் கவலையில்லை. நகர்வு தெரிந்தால் போதும். அந்த வேலை உங்களுக்கு இல்லை என்றால் கடைசி இரண்டு இலக்கங்கள் கண்ணுக்கு இரைச்சல்தான்.

மூன்றாம் படி: மின்னோட்டப் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான், ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். மின்னோட்டம் அளக்க மீட்டர் தனக்குள் ஒரு சிறு மின்தடையை, அதாவது ஷண்ட்டை, உங்கள் சர்க்யூட்டோடு தொடரில் வைக்கிறது. அதன் குறுக்கே விழும் வோல்ட்டைத்தான் அளக்கிறது. ஃபியூஸும் வயரும் அதோடு சேரும். இந்த இழப்பை டேட்டாஷீட்டில் பர்டன் வோல்டேஜ் என்ற தலைப்பில் தேடுங்கள்.

ஃப்ளூக் 87-வி மாடலில் மைக்ரோஆம்பியர் நிலையில் ஒரு மைக்ரோஆம்பியருக்கு 100 மைக்ரோவோல்ட், அதாவது 100 ஓம். மில்லிஆம்பியர் நிலையில் ஒரு மில்லிஆம்பியருக்கு 1.8 மில்லிவோல்ட். 10 ஆம்பியர் சாக்கெட்டில் ஒரு ஆம்பியருக்கு 0.03 வோல்ட். இதே அளவுகளை ஒட்டித்தான் பல உயர்தர மீட்டர்களும் இருக்கின்றன.

இப்போது தூக்க நிலையில் 5 மைக்ரோஆம்பியரும், விழித்து எழும்போது 20 மில்லிஆம்பியரும் இழுக்கும் ஒரு போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். மைக்ரோஆம்பியர் நிலையில் தூங்கும்போது இழப்பு 0.5 மில்லிவோல்ட், பிரச்சினையே இல்லை. விழித்தவுடன் 100 ஓமில் 20 மில்லிஆம்பியர் என்றால் 2 வோல்ட் போய்விடும். 3.3 வோல்ட் போர்டுக்கு 1.3 வோல்ட் மிஞ்சும். அது ரீசெட் ஆகி, மறுபடி எழுந்து, மறுபடி ரீசெட் ஆகும். பார்ப்பவர் போர்டில் கோளாறு என்று நினைத்து நிரலைத் தோண்டிக்கொண்டிருப்பார்.

இதற்கு வழிகள் உண்டு. மீட்டரின் இரண்டு ப்ரோப்களுக்கும் குறுக்கே ஒரு சாதாரண சிலிக்கான் டையோடை, மின்னோட்டம் போகும் திசையில் இணைக்கலாம். 0.5 மில்லிவோல்ட்டில் அது கிட்டத்தட்ட எதையும் கடத்தாது, அளவீடு கெடாது. போர்டு விழிக்கும்போது டையோடு கடத்தத் தொடங்கி இழப்பை 0.7 வோல்ட் அளவில் நிறுத்தும். ஷாட்கி டையோடு இன்னும் குறைவாக விழும், ஆனால் பெரிய ஷாட்கியின் கசிவு மைக்ரோஆம்பியர் அளவீட்டில் கலக்கும். இன்னொரு வழி, மீட்டருக்குப் பிறகு போர்டின் பக்கம் ஒரு கெப்பாசிட்டர். 20 மில்லிஆம்பியர் 10 மில்லிவினாடி இழுத்தால், 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் இறங்குவது 0.2 வோல்ட்தான். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் சொந்தக் கசிவும் மீட்டரில் சேர்ந்து தெரியும் என்பதால், சில நிமிடம் மின்னேற்றத்தில் விட்டு, போர்டைக் கழற்றிவிட்டுக் கெப்பாசிட்டர் மட்டும் இழுப்பதை அளந்து கழித்துக்கொள்ளுங்கள்.

பெரிய மின்னோட்டத்திலும் இதே கதைதான். 300 மில்லிஆம்பியரை மில்லிஆம்பியர் சாக்கெட்டில் அளந்தால் 0.54 வோல்ட் போகிறது. அதையே 10 ஆம்பியர் சாக்கெட்டில் அளந்தால் 9 மில்லிவோல்ட்தான். பிரிதிறன் 1 மில்லிஆம்பியராகக் குறையும், ஆனால் சர்க்யூட் தன் இயல்பில் ஓடும். 100 மில்லிஆம்பியருக்கு மேல் போனால் 10 ஆம்பியர் சாக்கெட்டுக்கு மாறுவதைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

நான்காம் படி: உள்ளீட்டு மின்தடை

வோல்ட் நிலையில் கைமீட்டர்களின் உள்ளீட்டு மின்தடை வழக்கமாக 10 மெகா ஓம். 9 வோல்ட்டை இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டர்களால் பிரித்து நடுப்புள்ளியை அளந்தால் 4.5 வர வேண்டும், மீட்டர் 4.286 காட்டும். மீட்டரின் 10 மெகா ஓம் அந்த 500 கிலோ ஓம் மூலத்தைக் கீழே இழுப்பதால் வரும் பிழை இது. விலை எவ்வளவு கூடினாலும் இது மாறாது. சில மாடல்களில் மில்லிவோல்ட் ரேஞ்சில் மட்டும் ஜிகா ஓம் அளவுக்கு உயர்த்தும் வசதி இருக்கும். சென்சார் வேலை செய்பவர்கள் டேட்டாஷீட்டில் அதைத் தேடுங்கள்.

எதிர்த்திசையில் லோ-இசட் என்கிற நிலை. சில கிலோ ஓம் அளவுக்கு மின்தடையைக் குறைத்து, பக்கத்து வயரிலிருந்து தொற்றி வரும் பேய் வோல்ட்டை இறக்கிவிடும். மெயின்ஸ் வயரிங்கில் மிகவும் பயன்படும். போர்டுகளில் இதைப் பயன்படுத்தவே கூடாது. அளக்கும் புள்ளியையே கவிழ்த்துவிடும்.

ஐந்தாம் படி: ஏசி அளவீடு எதைக் காட்டுகிறது

ட்ரூ ஆர்எம்எஸ் (அலை எந்த வடிவமாக இருந்தாலும் அதன் சூடாக்கும் திறனுக்குச் சமமான மதிப்பு) என்ற எழுத்தை இன்று எல்லா உயர்தர மீட்டரிலும் பார்க்கலாம். அதற்கு அடுத்த கேள்வி: அது டிசி பகுதியையும் சேர்க்கிறதா? 0-விலிருந்து 5 வோல்ட் வரை, 50% டியூட்டியில் (பாதி நேரம் மேலே, பாதி நேரம் கீழே) ஒரு சதுர அலையைக் கொடுங்கள். டிசி நிலையில் 2.5 வோல்ட் வரும். ஏசி இணைப்புள்ள ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டரும் 2.5 காட்டும், ஏனெனில் அது டிசியை வெட்டிவிட்டு மீதியை மட்டும் அளக்கிறது. ஏசி+டிசி நிலையுள்ள மீட்டர் 3.536 காட்டும். ஒரு ஹீட்டரையோ பல்பையோ அந்த அலை எவ்வளவு சூடாக்கும் என்பதற்கான விடை இந்த மூன்றாவது எண். சராசரியை அளந்து சைன் அலைக்குப் பெருக்கிக் காட்டும் மலிவு மீட்டரோ 2.78 காட்டும். பிடபிள்யூஎம் (துடிப்பின் அகலத்தை மாற்றிச் சக்தியைக் கட்டுப்படுத்தும் முறை) வேலை செய்பவர்களுக்கு ஏசி+டிசி நிலை பெரிய வசதி. இல்லாவிட்டால் ஏசியையும் டிசியையும் தனித்தனியே அளந்து, இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

அலைவரிசை எல்லையையும் கவனியுங்கள். 20 கிலோஹெர்ட்ஸ் மீட்டரும் 100 கிலோஹெர்ட்ஸ் மீட்டரும் சந்தையில் உண்டு. எல்லையை நெருங்க நெருங்க பிழை சில சதவீதம் வரை ஏறும். டேட்டாஷீட்டில் அலைவரிசை வாரியாக அட்டவணை இருக்கும். ஸ்விட்சிங் சப்ளையின் ரிப்பிளை (வெளியீட்டில் மிஞ்சும் சிறு அலைவை) அளக்க 100 கிலோஹெர்ட்ஸ் மீட்டரையும் நம்ப வேண்டாம், அது ஆசிலோஸ்கோப் வேலை. மோட்டார் டிரைவ்களில் வேலை செய்பவர்களுக்கு நேர்மாறான தேவை: உயர் அலைவரிசையை வெட்டும் லோ-பாஸ் ஃபில்டர். ஃப்ளூக் 87-வி புகழ்பெற்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

பஸ்ஸர், ஓம், டையோடு

பழுது பார்ப்பவர் ஒரு நாளில் அதிகம் கேட்பது பஸ்ஸரைத்தான். ஒரு ப்ரோப்பைப் போர்டின் கிரவுண்டில் வைத்து, மற்றதை ஐசி கால்களின் வரிசையில் வேகமாக இழுத்துப் பாருங்கள். தொடர்புள்ள காலைத் தொட்ட கணத்தில் ஒலித்து, கொஞ்சம் நீட்டிப்பிடிக்கும் பஸ்ஸர் நல்லது. தயங்கியோ கரகரத்தோ ஒலித்தால் தினமும் எரிச்சல்தான். இது டேட்டாஷீட்டில் தெளிவாக இருப்பதே இல்லை, கையால் பார்த்துத்தான் அறிய முடியும்.

டையோடு சோதனையில் திறந்த நிலை வோல்ட் எவ்வளவு என்று பாருங்கள். நீலம், வெள்ளை எல்இடிகளுக்கு ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். 2 வோல்ட்டோடு நின்றுவிடும் மீட்டர் நல்ல எல்இடியையும் திறந்துபோனதாகக் காட்டும். குறைந்த ஓம் அளவீட்டில் வயர்களே 0.1 முதல் 0.3 ஓம் வரை சேர்க்கும்: ப்ரோப்களைச் சேர்த்து அழுத்தி, எண் நிலைத்தபின் ரிலேட்டிவ் பொத்தானை (அப்போதைய எண்ணைச் சுழியாக்கும்) அழுத்தி, அதன்பிறகு அளங்கள். ஷார்ட் ஆன கெப்பாசிட்டரைப் போர்டில் தேடுபவர்களுக்கு ஃப்ளூக் 289-இன் 50 ஓம் ரேஞ்ச் ஒரு மில்லி ஓம் வரை பிரித்துக் காட்டுவது கைகொடுக்கும்.

பாதுகாப்பு

ஸ்விட்சிங் சப்ளையின் முதன்மைப் பக்கத்தில் 230 வோல்ட் மெயின்ஸ் நேராக்கப்பட்டு 325 வோல்ட் டிசியாக நிற்கும். அங்கே ப்ரோப் வைப்பவர் மீட்டரின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். கேட் (CAT) என்று மீட்டரில் அச்சிட்டிருக்கும் பாதுகாப்பு வகைப்பாடு ஐஇசி 61010 தரத்திலிருந்து வருகிறது. கேட்-3 என்பது கட்டடத்தின் விநியோகப் பலகை வரை, கேட்-4 என்பது மின்சாரம் கட்டடத்துக்குள் நுழையும் இடம் வரை. கேட்-3 1000 வோல்ட் என்றால் 8,000 வோல்ட் திடீர் எழுச்சியைத் தாங்கிச் சோதிக்கப்பட்டது என்று பொருள். முத்திரை அச்சிடப்பட்டிருப்பது போதாது, சுயேச்சையான சோதனை அமைப்பின் சான்றுக்குறியும் இருக்க வேண்டும்.

மின்னோட்டச் சாக்கெட்டுகளின் ஃபியூஸ் மணல் நிரப்பிய பீங்கான் உடலோடு, 1000 வோல்ட் என்று எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். 11 ஆம்பியர், 440 மில்லிஆம்பியர் ஆகியவை பரவலான அளவுகள். எரிந்துபோனால் மாற்றுவதற்கு விலை அதிகம் என்று கண்ணாடி ஃபியூஸ் போடுபவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். உயர் ஆற்றல் மூலத்தில் கண்ணாடி ஃபியூஸ் எரியும்போது உள்ளே ஆர்க் அணையாமல் தொடர்ந்து மீட்டரே வெடிக்கலாம்.

மின்னோட்டம் அளந்த வயரை அதே சாக்கெட்டில் விட்டுவிட்டு வோல்ட் அளக்கப் போவதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து. ஷண்ட் வழியே நேரடி ஷார்ட். ஃப்ளூக், ப்ரைமென் மீட்டர்கள் இதைக் கண்டு சத்தம் போடும். ஹியோகி டிடி4282, கோசன் மெட்ராவாட்டின் மெட்ராஹிட் மாடல்கள் போன்றவற்றில் சுவிட்ச் நிலைக்குப் பொருந்தாத சாக்கெட் மூடியால் அடைபட்டே இருக்கும். பலர் பகிர்ந்து பயன்படுத்தும் ஆய்வகத்துக்கு மூடியுள்ள மீட்டரைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன்.

மாடல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

ஃப்ளூக் 87-வி: 6,000 கவுண்ட், தேவைப்பட்டால் 20,000. டிசி 0.05%, ஏசி 20 கிலோஹெர்ட்ஸ், ஏசி+டிசி கிடையாது. எண்களில் பின்தங்கியது. ஆனால் சுவிட்ச் திருப்பியதும் தயாராகும், பஸ்ஸர் வேகமானது, ஒரு 9 வோல்ட் பேட்டரியில் ஏறத்தாழ 400 மணி நேரம் ஓடும். தொழிற்சாலை மின் வேலையும் போர்டு வேலையும் கலந்து செய்பவருக்கு இன்றும் பொருத்தம்.

ஃப்ளூக் 289: 50,000 கவுண்ட், 0.025%, 100 கிலோஹெர்ட்ஸ், ஏசி+டிசி, லோ-இசட், பதிவு வசதி. பல மணி நேரம் விட்டுவிட்டு வரைபடம் பார்க்க அருமையானது. பருமன் அதிகம், ஆறு ஏஏ செல்கள், பொத்தானை அழுத்திச் சற்றே காத்திருக்க வேண்டும். சட்டென்று எடுத்து அளந்து வைக்கும் வேலைக்கு இது வாட்டமாக இருக்காது.

ப்ரைமென் பிஎம்869எஸ்: 5,00,000 கவுண்ட் வரை, 0.02%, ஏசி+டிசி, இரண்டு தெர்மோகப்பிள் (வெப்ப உணரி) உள்ளீடுகள், அவற்றின் வேறுபாட்டையும் காட்டும். மேசையில் வைத்துச் செய்யும் எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு இந்தப் பட்டியலில் அதிகம் கொடுப்பது இதுதான் என்பது என் கணிப்பு.

கீசைட் யு1282ஏ 60,000 கவுண்ட், 0.025%. ஐபி67 அளவில் நீரும் தூசும் புகாதது, நான்கு ஏஏ செல்களில் 800 மணி நேரம் என்கிறது டேட்டாஷீட், சதுர அலை வெளியீடும் உண்டு. ஹியோகி டிடி4282-உம் அதே 60,000, 0.025%, 100 கிலோஹெர்ட்ஸ். இவ்விரண்டுக்கும் இடையே எண்களை வைத்து முடிவெடுக்க முடியாது. வெளியிடங்களில் வேலை என்றால் முதலாவது, சாக்கெட் மூடி வேண்டும் என்றால் இரண்டாவது.

மீட்டர் கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய சோதனைகள்

திருப்பிக் கொடுக்கும் காலக்கெடுவுக்குள் இவற்றை முடித்துவிடுங்கள். மீட்டரை அறை வெப்பத்தில் அரை மணி நேரமாவது வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

1. டிசி மில்லிவோல்ட்டில் ப்ரோப்களைச் சேர்த்துப் பிடியுங்கள். சுழியை ஒட்டி நிற்க வேண்டும். ப்ரோப் முனைகளை விரலால் பிடிக்காதீர்கள். வெப்பத்தால் சில மைக்ரோவோல்ட் பிறக்கும்.

2. 9 வோல்ட் பேட்டரியை நேரடியாக அளந்து, பிறகு 10 மெகா ஓம் ரெசிஸ்டர் வழியே அளங்கள். பாதியாகக் குறைந்தால் உள்ளீட்டு மின்தடை 10 மெகா ஓம் என்று உறுதி.

3. இன்னொரு மீட்டரை ஓம் நிலையில் வைத்து, புதிய மீட்டரின் மைக்ரோஆம்பியர், மில்லிஆம்பியர், 10 ஆம்பியர் வழிகளின் மின்தடையை அளந்து எழுதுங்கள். பர்டன் கணக்குக்கு இதுவே உண்மையான எண். திறந்த சுற்று என்று காட்டினால் ஃபியூஸ் போய்விட்டது.

4. சரிசெய்யும் சப்ளையில் மெதுவாக 5.9-லிருந்து 6.1 வரை, அல்லது உங்கள் ரேஞ்ச் எல்லையைச் சுற்றி, ஏற்றி இறக்குங்கள். ரேஞ்ச் மாறும்போது எண் குதிக்கக் கூடாது. மாற எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதும் இதில் தெரியும்.

5. ஏடி584 போன்ற வோல்டேஜ் ரெஃபரன்ஸ் (நிலையான, தெரிந்த வோல்ட்டைத் தரும்) போர்டில் 2.5, 5, 7.5, 10 வோல்ட்களை அளங்கள். போர்டோடு ஒட்டிவரும் அளவீட்டுச் சீட்டை அளவுத்திருத்தச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எந்த மீட்டரில் எடுத்தது என்று தெரியாது. 0.01% ரெசிஸ்டர்கள் 1 கிலோ, 10 கிலோ, 100 கிலோ ஓமில் ஒவ்வொன்று இருந்தால் ஓம் நிலையையும் பார்த்துவிடலாம். மெகா ஓம் ரேஞ்சில் விரல் பட்டாலே அளவு கெடும், ஆகவே க்ளிப் பயன்படுத்துங்கள்.

6. தெர்மோகப்பிளை அறை வெப்பமானியோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். மீட்டரைக் கையில் பிடித்திருந்துவிட்டு உடனே அளந்தால் சாக்கெட்டின் சூடு அளவைத் தள்ளிவிடும். கொஞ்ச நேரம் மேசையில் விடுங்கள்.

கிடைத்த எண்களைத் தேதியோடும் அறை வெப்பத்தோடும் எழுதி மீட்டர் பெட்டியில் வையுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை அதே ரெஃபரன்ஸ், அதே ரெசிஸ்டர்கள், முடிந்தவரை அதே வெப்பநிலை என்று திரும்ப அளங்கள். ஒரு ரெஃபரன்ஸில் மட்டும் வேறுபாடு வந்தால் சந்தேகப்பட வேண்டியது அந்த ரெஃபரன்ஸை. எல்லா வோல்ட் மூலங்களிலும் ஒரே விகிதத்தில் தள்ளினால் மீட்டரின் உள் ரெஃபரன்ஸ் நகர்ந்திருக்கிறது. அப்போது அளவுத்திருத்தத்துக்கு அனுப்புங்கள். மூடிவைக்கும் மீட்டரிலிருந்து ஆல்கலைன் செல்களை எடுத்துவிடுங்கள். கசிந்த செல்லின் அரிப்பு, அளவுத்திருத்தத்தால் சரியாகாத ஒன்று.